கல்லின் மேல் விழுந்த பழி

மரக்கிடங்குகளுக்குப் பின்னால் போகிற சந்தின் கடைசி வீட்டில் இருப்பவளைச் சில்லு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கல் கொத்துகிற வேலை. தலைமுடியில் எந்நேரமும் இரண்டு கல் சில்லாவது சிக்கிக்கொண்டிருக்கும். அதனால் வந்த பெயர். பெரியவர்களுக்குச் சில்லு, சின்னவர்களுக்குச் சில்லக்கா. "அவ பேச்சும் சில்லுதான்யா, ஒரு நாளைக்கு நாலு தெறிச்சா அதிகம்" என்று கூரைக்காரர்கள் கேலி செய்வார்கள். அவள் காதில் விழுகிற மாதிரியே செய்வார்கள். அவள் குனிந்து கல்லைப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

அந்தப் பக்கத்தில் கூரை என்றால் மர ஓடு. மரத்தைப் பலகைத் துண்டுகளாகப் பிளந்து, மீன் செதில் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் ஓடுகிற ரீப்பர் சட்டங்களில் மர ஆணி வைத்து அறைவார்கள். இரும்பு ஆணி ஆகாது. உப்புக்காற்றில் துருவேறி, சுற்றியிருக்கிற மரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். மர ஆணியை அறைய இரும்புச் சுத்தியலும் ஆகாது. ஆணியின் மண்டை பிளந்து பூவாக விரிந்துவிடும். மரச் சுத்தியலான கொட்டாப்புளியோ கனம் போதாமல் துள்ளும். கல்தான் அதற்குத் தோது. கைப்பிடி கட்டிய அந்தக் கல்லுக்கு ஆணிக்கல் என்று பெயர்.

ஆணிக்கல்லோடு, மரம் பிளக்கிற ஆப்புக்கல், பலகையை வழவழப்பாக்குகிற தேய்ப்புக்கல் எல்லாம் சில்லு செய்வாள். தச்சர்களுக்கும் கூரைக்காரர்களுக்கும் அவள் வாசல்தான் கடை. ஆற்று வளைவில் கிடக்கிற கறுப்புக் கூழாங்கற்களில் முஷ்டியைவிடச் சற்றுப் பெரியதாகப் பொறுக்குவாள். ஒன்றை இன்னொன்றால் தட்டிக் கேட்பாள். மணி மாதிரிச் சத்தம் வந்தால் கூடைக்கு, சட்டி மாதிரி வந்தால் ஆற்றுக்கு. வீட்டில் உட்கார்ந்து வேறொரு கெட்டிக் கல்லால் புள்ளி புள்ளியாகக் கொத்தி, இடுப்பில் ஒரு பள்ளம் எடுப்பாள். அந்தப் பள்ளத்தில்தான் ஈரத் தோல்வாரைச் சுற்றிப் பிடியோடு கட்டுவது. வார் காயக் காயக் கல்லை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு மணலும் தண்ணீரும் போட்டுப் பாறையில் தேய்ப்பாள். அடிக்கிற முகத்தில் மட்டும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, விரலுக்கு மட்டும் தெரிகிற ஒரு குழி விடுவாள். ஆணியின் தலை வழுக்காமல் அதில் உட்காரும். அந்தக் குழி அவள் கைவேலை. வேறு யார் கல்லிலும் கிடையாது.

வாங்க வந்தவன் முன்னாலேயே கல்லின் மேல் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைப்பாள். கல்லெல்லாம் உலர்ந்த பிறகும் எங்காவது தலைமுடி போல ஈரக்கோடு நின்றால் உள்ளே விரிசல் என்று அர்த்தம். அப்படி நின்ற கல்லை, எத்தனை நாள் வேலையானாலும், அவன் கண்ணெதிரிலேயே தூக்கிக் குப்பையில் போடுவாள். அதற்காக ஒரு வார்த்தையும் பேச மாட்டாள். பேச வேண்டியதைத் தண்ணீர் பேசிவிடும்.

இந்தத் தொழில் அவளுக்கு அப்பன் வழியிலும் வரவில்லை, ஆத்தாள் வழியிலும் வரவில்லை. தம்பியால் வந்தது.

பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போனபோது அவள் பாவாடை கட்டுகிற வயது. தம்பி இடுப்பில் உட்காருகிற வயது. அவள் பள்ளிக்கூடத்தை விட்டாள், தம்பியைப் பிடித்துக்கொண்டாள். கிடங்குகளில் மரத்தூள் கூட்டி, பட்டை பொறுக்கி அவனை வளர்த்தாள். மீசை அரும்பியதும் அவன் கூரை வேலைக்குப் போனான். முதல் நாளே உதடு வீங்கி வந்தான். இரவல் வாங்கிய கல் சரியில்லை; அடித்த ஆணியெல்லாம் மண்டை உடைந்து, மேஸ்திரி அறைந்துவிட்டான். தம்பி அழுதுகொண்டே தூங்கினான். அவள் விடிந்ததும் கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்லைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பிறகு அதையே உடைத்து, கொத்தி, தேய்த்து, கை தோல் உரிந்து, அவனுக்கு ஒரு ஆணிக்கல் செய்து கொடுத்தாள். கோணல் மாணலான கல். ஆனால் அடித்த ஆணி ஒன்றுகூட உடையவில்லை. மறுவாரமே அவனை அடித்த மேஸ்திரி சந்துக்குள் வந்து, "உங்க அக்கா எனக்கும் ஒண்ணு செஞ்சு தருமா?" என்று தம்பியிடம் கேட்டான். அவள் கதவுக்குப் பின்னால் நின்று தலையசைத்தாள்.

அப்படி ஆரம்பித்தது, வருஷங்கள் ஓடி, அந்தப் பகுதியில் அவள் கல் இல்லாத கூரைக்காரன் பை இல்லை என்று ஆனது. தம்பியும் ஆளாகி, மேஸ்திரியானான். அவளைப் பெண் கேட்டு இரண்டு மூன்று இடம் வந்தது. "தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்" என்றாள். தம்பி நிலைக்கு வந்ததும் அவனுக்குக் கல்யாணம் ஆனது. அவளுடைய கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டிய ஆள் அவன்தான், அவன் எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கிடங்குத் தெருவில் மாடி வைத்து வீடு கட்டிக்கொண்டு போனான். போகும்போது, "ஒரு குரல் குடுத்தா ஓடி வந்துடுவேன்க்கா" என்றான். அவள் குரல் கொடுக்கிறவளா என்ன?

இருந்தாலும் வாரம் ஒருமுறை அவன் வருவான். சீவிய மர ஆணிகளை மூட்டையாகக் கொண்டுவந்து அவள் அடுப்புக்கு மேலே இருக்கிற பரணில் பரப்பிவிட்டுப் போவான். மர ஆணி எலும்பு மாதிரிக் காய்ந்திருக்க வேண்டும். காய்ந்த ஆணியை அறைந்தால், காற்றின் ஈரத்தைக் குடித்து உள்ளே பருத்து, துளையைக் கவ்விக்கொள்ளும். பச்சை ஆணியோ நேர்மாறு: அடிக்கும்போது இறுக்கமாகத் தெரியும், காய்ந்ததும் சுருங்கிக் கழன்றுவிடும். கூரை வேலையில் எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கும் இது தெரியும்.

துறைமுகத்துப் பக்கம் புதிதாக ஒரு பெரிய மரக்கிடங்கு எழும்பியது. அதன் கூரை வேலை தம்பிக்குக் கிடைத்தது. அவ்வளவு பெரிய கூரையை அவன் அதுவரை தொட்டதில்லை. அந்த வேலைக்காகவே அவளிடம் புதுக் கல் கேட்டான். அவன் கையளவு அவளுக்கு மனப்பாடம். தட்டிப் பார்த்து, தேடித் தேடி எடுத்த கல்லில் செய்தாள். அவன் எதிரிலேயே தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். "எனக்கு எதுக்குக்கா இதெல்லாம், உன் கல்லை நான் சந்தேகப்படுவேனா?" என்று சிரித்தான். அந்த முறை மட்டும் ஆணி மூட்டை பரணுக்கு வரவில்லை. "வேற இடத்துல காயப் போட்டிருக்கேன்" என்றான். சரி என்று விட்டுவிட்டாள்.

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானத்தில் செய்தி வந்தது. கிடங்குக் கூரையிலிருந்து நெட்டை விழுந்துவிட்டான். நெட்டை என்பவன் தம்பியின் ஆட்களில் ஒருவன். ஏணி இல்லாமலே பாதிக் கூரை எட்டுவான் என்று சொல்வார்கள். இடுப்பெலும்பு முறிந்து, நெற்றி கிழிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தான். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். எப்படி விழுந்தோம் என்று அவனுக்கே நினைவில்லை.

எப்படி விழுந்தான் என்பதைத் தம்பி எல்லோருக்கும் சொல்லியிருந்தான். மேலே நின்று தம்பி ஆணி அறைந்துகொண்டிருந்தானாம். அறையும்போதே கல் கையில் இரண்டாகப் பிளந்ததாம். உடைந்த பாதி பறந்துபோய், கூரையில் சற்றுக் கீழே நின்ற நெட்டையின் நெற்றியில் பட்டதாம். அவன் தடுமாறி, கைக்கு அகப்பட்ட ரீப்பரைப் பிடிக்க, அதையும் பிடுங்கிக்கொண்டு விழுந்தானாம்.

கேட்டதும் சில்லு கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள். கல் உடைவது உண்டு. உடையவே உடையாத கல் உலகத்தில் இல்லை. ஆனால் எப்படி? தண்ணீரில் தெரியாத விரிசல் உண்டா? பொழுது சாயும்வரை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் வாசலிலேயே நின்றுவிட்டு, உள்ளே போகத் தைரியமில்லாமல் திரும்பி வந்தாள்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது வாசற்படியில் ஒரு ஆணிக்கல் இருந்தது. அவள் செய்தது. சற்று நேரத்தில் ஒருவன் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், இன்னொன்றை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். பிறகு இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். மத்தியானத்துக்குள் வாசலில் ஒரு குவியல். கிரீச்சும் வந்தார். உட்கார்ந்து எழுந்தால் முட்டி கதவுக் கீல் மாதிரிச் சத்தம் போடும் என்பதால், தம்பியிடம் வேலை பார்க்கிற அந்தக் கூரைக்காரருக்கு அந்தப் பெயர். அவள் கல்லை இரண்டாவதாக வாங்கியவர் அவர்தான். அதைப் பேரனைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு திரிவார். அவரும் குனிந்து, முட்டி கிரீச்சிட, கல்லைக் கீழே வைத்தார்.

"நீங்களுமா?" என்றாள்.

"என்ன செய்யிறது சில்லு" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றது. தேய்ப்புக்கல் சொல்லிவைத்திருந்த தச்சன், "இப்ப வேணாம், பாத்துக்கலாம்" என்று ஆள் விட்டான். "அவ கல்லு செய்யிறாளா, எமனுக்குக் கருவி செய்யிறாளா?" என்று டீக்கடையில் ஒருவன் சொன்னதாகவும், மற்றவர்கள் சிரித்ததாகவும் பால்காரி வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டும் நின்றாள்.

தம்பி வரவில்லை. வருவான், அவனுக்கும் மனசு சரியிருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

வந்தது நெட்டையின் மனைவி. தெருவே பார்க்க நடந்து வந்து, மடியிலிருந்து துணிப்பொட்டலம் ஒன்றை எடுத்து அவள் காலடியில் வீசினாள். இரண்டு துண்டுக் கல்லும், அறுந்த வாரும் உருண்டன.

"இந்தா, உன் சொத்து! கீழே கெடந்துச்சுன்னு குடுத்தாங்க. வீட்டுல வெச்சுக் கும்பிடு. என் புருஷன் படுத்த படுக்கையா கெடக்கான். உனக்கென்ன, புருஷனா, புள்ளையா, கல்லு மாதிரி உக்காந்திருக்கே!"

வந்தவள் திட்டித் தீர்த்துவிட்டுப் போகும்வரை சில்லு தலை குனிந்தே நின்றாள். பிறகு துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய், ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள்.

முதலில் உடைந்த பரப்பைப் பார்த்தாள். உள்ளே பழைய விரிசல் இருந்திருந்தால் அந்த இடம் மங்கியிருக்கும், மண் நிறம் ஏறியிருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. அறுத்த கத்தரிக்காய் மாதிரிப் புதிதாக, ஒரே நிறமாக இருந்தது. பிறகு துண்டுகளைப் பொருத்தினாள். அடி எங்கே விழுந்ததோ அங்கிருந்துதான் உடைப்பு ஓடும். குளத்தில் கல் போட்டால் அலை ஓடுகிற மாதிரி வளைவு வளைவாகத் தடம் விட்டுக்கொண்டே ஓடும். அந்த வளைவுகளை விரலால் பின்பக்கமாகத் தடவிக்கொண்டே போனாள். அவை ஆணி அடிக்கிற முகத்துக்குப் போகவில்லை. பக்கவாட்டுக்குப் போயின. அங்கே வெள்ளையாக நசுங்கிய ஒரு புள்ளி. புள்ளியின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பளபளப்புத் தீற்றல். நகத்தால் சுரண்டினாள், போகவில்லை. இரும்பு தீற்றினால்தான் அப்படிப் பிடிக்கும். எதிர்ப்பக்கத்தைத் திருப்பினாள். அங்கே சிமெண்டுத் தரையில் அழுந்திய சிராய்ப்பு.

கூரை மேலே சிமெண்டுத் தரை ஏது?

கல்லைத் தரையில் படுக்கவைத்து, இரும்புச் சுத்தியலால் பக்கவாட்டில் ஓங்கி அடித்திருக்கிறார்கள். கல் தம்பி கையில் இருந்த கல். திரும்பத் திரும்பப் பொருத்திப் பார்த்தாள். வேறு ஏதாவது காரணம் இருந்துவிடாதா என்று பார்த்தாள். அவ்வளவு வருஷத்தில் முதல்முறையாக, தன் கல்லில் ஒரு கோளாறு தெரியட்டும் என்று ஆசைப்பட்டாள். தெரியவில்லை.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி கதவைத் திறந்து, "வாங்க அண்ணி" என்றாள்; குரல் தண்ணீர் ஊற்றின மோர் மாதிரி நீர்த்திருந்தது. தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வாக்கா. சாப்பிடுறியா?"

அவள் துண்டுகளை மேசை மேல் வைத்துப் பொருத்தினாள். வெள்ளைப் புள்ளியின் மேல் விரலை வைத்தாள்.

"இந்தப் பக்கத்துல ஆணி படாது."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"இது இரும்புத் தடம்."

"கத்தாதக்கா" என்றான். அவள் கத்தவே இல்லை.

தம்பி மனைவி ஜன்னலைச் சாத்தினாள். அதிலேயே அவளுக்கும் தெரியும் என்பது சில்லுவுக்குத் தெரிந்துவிட்டது.

"நெட்டை எப்படிடா விழுந்தான்?"

அவன் கையைத் தட்டிலேயே உதறினான். "மழைக்கு முன்னாடி முடிச்சுத் தர்றேன்னு வாக்கு குடுத்துட்டேன். காஞ்ச கட்டை கிடைக்கல. பச்சைக் கட்டையிலயே ஆணி சீவச் சொன்னேன். சுருங்கும்னு தெரியாமலா? மேல ஓடு வேஞ்சு கனம் ஏறிட்டா அழுத்திக்கும்னு நெனச்சேன். இந்த வெயில் இப்படி அடிக்கும்னு யாரு கண்டா? நெட்டை கால் வெச்ச ரீப்பர் ஆணி கழண்டு நழுவிடுச்சு. நான் என்ன தள்ளியா விட்டேன்?"

"என் கல்லை எதுக்குடா உடைச்சே?"

"எல்லாரும் ஓடி வர்றாங்க, ரத்தமா கெடக்கான். ஏதாவது சொல்லணும்ல? பச்சை ஆணின்னு வெளிய தெரிஞ்சா இனிமே ஒரு குருவிக்கூடு கட்டக்கூட எவனும் என்னைக் கூப்பிட மாட்டான். கட்டை தந்தவன் மேல சொன்னா நாலு பேரைக் கூட்டிக்கிட்டு அடிக்க வருவான். சாரம் சரியில்லைன்னு சொன்னா சாரம் கட்டினவன் விடுவானா? நீன்னா..."

நிறுத்திக்கொண்டான்.

"நான்னா?"

"நீ வாய் தொறக்க மாட்டேன்னு தெரியும்க்கா."

அதைக் குறையாகக் கூடச் சொல்லவில்லை. நல்ல குணத்தைப் பாராட்டுகிற மாதிரிச் சொன்னான். அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். உதடு வீங்கி வந்த அந்த முகம்தான். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலிக்குப் பசிகூட இல்லை, மேய்வது பழக்கமாகிவிட்டது.

"ரெண்டு மாசத்துல எல்லாம் மறந்துடுவாங்க. அப்புறம் நானே பத்துக் கல்லு வாங்கறேன் உங்கிட்ட. போதுமா?" என்றான். "நாளைக்கு வேலை மறுபடி ஆரம்பிக்குது. முகத்தைத் தூக்கி வெச்சுக்காதே."

"நாளைக்கா? அந்த ஆணியைப் பிடுங்கிட்டீங்களா?"

"எல்லாத்தையும் பிடுங்கினா அடுத்த வருஷம்தான் முடியும். இன்னும் ரெண்டு தட்டுத் தட்டி இறுக்கச் சொல்லியிருக்கேன்."

துண்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் தாண்டும்போது, "அண்ணி, டீயாவது குடிச்சிட்டுப் போங்க" என்று தம்பி மனைவி சொன்னாள்.

காலையில் அவள் துறைமுகத்துக் கிடங்குக்கு நடந்து போனாள். ஆட்கள் சாரத்தடியில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கிடங்கையொட்டி ஒரு தாழ்ந்த சாய்ப்பு. அதில் முதல் வரிசை ஓடு மட்டும் வேய்ந்திருந்தது. ஆணித் தலைகள் வெளியே தெரிந்தன. அவள் ஒரு மரப்பெஞ்சை இழுத்துப்போட்டு ஏறினாள்.

"என்னடா இது, சில்லக்கா கூரை ஏறுது! கோழி எதுவும் பறந்துடுச்சா?" என்றான் ஒருவன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அக்கா, இறங்கு" என்றான் தம்பி.

அவள் ஒரு ஆணியின் தலையை இரண்டு விரலால் பிடித்தாள். சரியாக அடித்த மர ஆணியை உளி போட்டுத் தோண்டினாலும் எடுக்க முடியாது. இது கனிந்த பழத்தின் காம்பு மாதிரிக் கையோடு வந்தது. அதைக் கீழே போட்டாள். அடுத்ததைப் பிடித்தாள். அதுவும் வந்தது. அதற்கடுத்தது. பிடிப்பு விட்ட ஓடு ஒன்று சரிந்து மண்ணில் விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. கை எட்டுகிற தூரம் முழுக்கப் பிடுங்கிவிட்டு, திரும்பி அவர்களைப் பார்த்தாள்.

அவள் எதிர்பார்த்தது இது: அவர்கள் திடுக்கிடுவார்கள். ஐயோ, இதுவா சங்கதி என்பார்கள். தம்பியைப் பார்ப்பார்கள்.

யாரும் திடுக்கிடவில்லை. யாரும் தம்பியைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பீடி குடித்தவன் பீடியைப் பார்த்தான்.

"எறங்கும்மா" என்றார் கிரீச். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"பச்சைன்னு தெரியும். நாங்கதானே சீவினோம். பிசுபிசுன்னு கையில ஒட்டுச்சு."

சாய்ப்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ... கல்லு உடையலைன்னும் தெரியுமா?"

கிரீச் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"தெரிஞ்சா எதுக்கு என் வாசல்ல கொண்டுவந்து போட்டீங்க?" அவள் குரல் அவளுக்கே அன்னியமாகக் கேட்டது. "இத்தனை பேர்ல ஒருத்தருக்குக்கூட, அது நல்ல கல்லுன்னு சொல்ல வாய் வரலையா?"

கோழிக் கேலி செய்தவன்தான் மெல்லச் சொன்னான்: "மேஸ்திரிதான்க்கா போடச் சொன்னார். போடாதவன் நாளைக்கு வேலைக்கு வர வேணாம்னுட்டார்."

அப்போதுதான் தம்பியைப் பார்த்தாள். கல்லை உடைத்தது பயத்தில் என்றாவது வைத்துக்கொள்ளலாம். ரத்தத்தைப் பார்த்த பதற்றம், கை போன போக்கில் செய்துவிட்டான் என்று இரவு முழுக்க அவனுக்காகத் தனக்குள்ளேயே வாதாடியிருந்தாள். வாசலில் குவிந்த கற்களைப் பதற்றம் கொண்டுவரவில்லை. ஆள் ஆளாகச் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

கிடங்குக்காரர் வந்துவிட்டார். சிதறிக் கிடந்த ஆணிகளையும், சரிந்த ஓட்டையும், பெஞ்சு மேல் நிற்கிற பெண்ணையும் பார்த்தார். தானும் கை நீட்டி ஒரு ஆணியை இழுத்துப் பார்த்தார். வந்துவிட்டது. தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார். அன்றோடு அந்த வேலை தம்பி கையை விட்டுப் போனது. கூரை முழுவதும் பிரிக்கப்பட்டு, காய்ந்த ஆணி கொண்டுவந்து, கிரீச்சின் பொறுப்பில் மறுபடி வேயப்பட்டது. அது இன்னும் ஒழுகாமல் நிற்கிறது.

வேலைக்குக் கல் வேண்டுமே. வாசல் குவியலைச் சில்லு வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொருவராக வந்தார்கள். வைத்தபோது எப்படி முகத்தைப் பார்க்காமல் வைத்தார்களோ, எடுக்கும்போதும் அப்படியே எடுத்தார்கள். கிரீச் மட்டும் சற்று நின்றார்.

"கோவமா சில்லு?"

"உங்க கல்லு மூணாவது வரிசையில இருக்கு."

"எங்களுக்கும் வயிறு இருக்கேம்மா."

"எனக்கும் இருக்கு" என்றாள். அவர் எடுத்துக்கொண்டு போனார். முட்டிச் சத்தம் சந்து முனை வரை கேட்டது.

நெட்டையின் மனைவியும் வந்தாள். திட்டத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. "அவரு இப்ப சுவத்தைப் பிடிச்சு நடக்கிறாரு" என்று மட்டும் சொன்னாள். சில்லு அவளை உட்காரச் சொன்னாள். அவள்மேல் மட்டும் சில்லுவுக்கு வருத்தமே இல்லை. அவள் ஒருத்திதான் நிஜமாக நம்பித் திட்டியவள்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு காலையில் தம்பி மனைவி வந்தாள். இளைத்திருந்தாள். வெகுநேரம் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஆரம்பித்தாள்.

"அண்ணி, எங்க போனாலும் வேலை இல்லைங்கறாங்க. நீங்க மனசு வெச்சா நடக்கும்."

"நான் என்ன செய்யணும்?"

"ஒரு வார்த்தை சொன்னா போதும். ஆணியும் பச்சை, கல்லுலயும் ஏதோ கொஞ்சம் கோளாறு, ரெண்டும் சேர்ந்து நடந்துடுச்சுன்னு. இப்பதான் உங்களுக்கு எல்லாரும் வந்துட்டாங்களே, இனிமே ஒண்ணும் குறையாது. ஆளுக்குப் பாதி வாங்கிக்கிட்டா பாரம் தெரியாது அண்ணி. உடம்பொறப்புதானே."

சில்லு கொத்துவதை நிறுத்தினாள். "அவன் சொல்லி அனுப்பினானா?"

தம்பி மனைவி சந்து முனையைப் பார்த்தாள். அங்கே கிடங்குச் சுவரோரம் அவன் நின்றிருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் ஏதோ பார்க்கிற மாதிரி நின்றிருந்தான்.

இம்முறையும் அதே கணக்குத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் பேச மாட்டாள். இல்லை என்றுகூடச் சொல்ல மாட்டாள். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம்.

எழுந்து நின்றாள். மடியிலிருந்த சில்லுகள் தரையில் கொட்டின.

"கல்லுல கோளாறு இல்லடா!"

சந்து முழுக்கக் கேட்டது. எதிர்ப் பட்டறையில் தச்சர்கள் இழைப்பதை நிறுத்தினார்கள். குழாயடியில் நின்றவர்கள் திரும்பினார்கள். அவன் மட்டும் திரும்பவில்லை. அதே மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டே, முனை திரும்பிப் போய்விட்டான். அவன் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

சில்லு உட்கார்ந்தாள். சத்தம் போட்டுப் பழகாத தொண்டை எரிந்தது. தண்ணீர் குடித்தாள். கொத்துகல்லைக் கையில் எடுத்தாள், முதல் கொத்தே குறி தப்பியது. கோபத்தோடு கொத்தினால் கல் பாழாகிவிடும். மனசு அடங்கட்டும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெயில் வாசலைத் தாண்டி எதிர்ச் சுவரில் ஏறியது. ஒரு தச்சன் வந்து ஆப்புக்கல் கேட்டான். நாளைக்கு வரச் சொன்னாள்.

அன்றைக்கு அவள் மறுபடி கல்லைத் தொடவில்லை.